பீட்டாவிலேயே தமிழைப் பார்த்துவிட வேண்டும்

(கள்ளக்குறிச்சியில் கணினி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2018 பிப்ரவரியில் ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு ஒரு தொல்லை வந்தது. ஞானம் என்ற சொல்லைத் தெலுங்கில் எழுதும்போது ஜகரமும் ஞகரமும் சேர்ந்த ஒரு கூட்டெழுத்து வரும். அந்த எழுத்து குறிப்பிட்ட ஒரு வரிசையில் ஐந்து குறியீடுகளாக அமைந்து செய்தியில் வந்தால், அதைத் திறந்த செயலி உடனே மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடி மூடிக்கொண்டது. முகப்புத் திரையில் அறிவிப்பாக வந்துவிட்டால் போனே முடங்கிப்போனது. தெலுங்கில் ஓரெழுத்துகூட அறியாதவர்கள் அதை வெட்டி ஒட்டி நண்பர்களுக்கு அனுப்பி விளையாடினார்கள். ஆப்பிள் நிறுவனம் பிப்ரவரி 19-ஆம் தேதி ஐஓஎஸ் 11.2.6 என்ற திருத்தப் பதிப்பை வெளியிட்டுச் சரிசெய்தது. அப்போது சோதனையில் இருந்த 11.3 பீட்டா பதிப்பில் அந்தக் கோளாறு இல்லவே இல்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன்? தெலுங்கு சிறிய மொழி இல்லை. எட்டுக் கோடிப் பேரின் தாய்மொழி. உலகத்திலேயே பெரிய கணினி நிறுவனங்களில் ஒன்று, ஆயிரக்கணக்கான பொறியாளர்களை வைத்துக்கொண்டு வெளியிட்ட இயங்குதளத்தில், அம்மொழியின் ஓர் எழுத்து போனையே நிறுத்துகிறது. வெளியீட்டுக்கு முன் சோதனைப் போன்களில் யாரும் அந்த எழுத்தை அந்த வரிசையில் தட்டிப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தவர் சொன்னது உரிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றே நான் எண்ணுகிறேன். அன்று தெலுங்குக்கு நடந்தது நாளை தமிழுக்கும் நடக்கலாம். ஆகவே இன்று நான் பேச வந்திருப்பது, இயங்குதளங்களின் சோதனைப் பதிப்பை நாம், இங்கே, தமிழில் ஓட்டிப் பார்ப்பது பற்றி.

சோதனைப் பதிப்பு என்றால் என்னவென்று மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுமை பெறாத முதல் வடிவத்தை ஆல்ஃபா என்கிறார்கள். வசதிகள் எல்லாம் சேர்ந்து, பிழைகள் மட்டும் களையப்பட வேண்டிய நிலையில் இருப்பது பீட்டா. அதன் பிறகு வெளியீட்டுக்குத் தயாரான பதிப்பு வரும். பெரிய கோளாறு எதுவும் அகப்படாவிட்டால் அதுவே இறுதிப் பதிப்பாகிவிடும். பீட்டா வரைக்கும் நாம் சொல்வது காதில் விழும். இறுதிப் பதிப்பு வந்தபின் சொன்னால், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று தள்ளிப்போகும்.

லினக்ஸின் வரலாறே சோதனைப் பதிப்பிலிருந்து தொடங்கியதுதான். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும் அதில் என்னென்ன வேண்டும் என்று சொல்லும்படியும் உலகத்தைக் கேட்டார். அடுத்த மாதமே 0.01 என்ற பதிப்பு வெளிவந்தது. 1.0 என்று எண் போட்டது 1994 மார்ச்சில். இடைப்பட்ட இரண்டரை ஆண்டும் உலகெங்கும் முகம் தெரியாத பலர் அந்த அரைகுறைப் பதிப்பைத் தங்கள் கணினியில் போட்டுப் பார்த்து, எது ஓடவில்லை என்று எழுதியபடி இருந்தார்கள். அவர்கள் எழுதியிராவிட்டால் அது ஒரு மாணவரின் மேசையோடு நின்றிருக்கும். இன்று நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளமே லினக்ஸ்தான்.

டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டில் நிலையான பதிப்பு, சோதனைப் பதிப்பு, நிலையற்ற பதிப்பு என்று மூன்று எப்போதும் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பாத்திரங்களின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். நிலையற்ற பதிப்புக்கு மட்டும் என்றைக்கும் மாறாமல் ‘சிட்’ என்ற பெயர். அந்தப் படத்தில் பொம்மைகளை உடைக்கிற பக்கத்து வீட்டுப் பையன் அவன். உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸ் வெளியீடு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதிய பதிப்பு தருகிறது. ஒவ்வொன்றுக்கும் சில வாரங்கள் முன்பு பீட்டா வரும். மைக்ரோசாஃப்ட் 2014-இல் இன்சைடர் என்ற திட்டத்தைத் தொடங்கி, விண்டோஸ் 10-இன் முன்பதிப்பைப் பொதுமக்களிடமே கொடுத்தது. இவற்றில் எதற்கும் கட்டணம் கிடையாது.

நம் மாவட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு பல வருடங்களாகவே நம் வீடுகளில் இருக்கிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், அதன் சென்னைப் பிரிவில், டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. முதற்பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. இந்திய மொழிகளில் திரை முழுவதையும் காட்டுவது அதன் நோக்கங்களில் முக்கியமானது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றபோது, அரசு அலுவலகங்கள் பாஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசே அறிவுறுத்தியது. நம் மாவட்டத்தின் கல்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்து, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கணினியைத் தொட்ட பிள்ளைகளின் கையில், சென்னையில் செய்த ஓர் இயங்குதளம் வந்து சேர்ந்தது. நூற்றாண்டுக் கணக்கில் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. 1970-களில்தான் அந்த முறை அங்கே முற்றாக முடிவுக்கு வந்தது. அந்த மலைக்கு இது வந்து சேர்ந்ததை நான் சிறிய செய்தியாக எண்ணவில்லை.

ஆனால் பிறகு என்ன ஆயிற்று? பல வீடுகளில் மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுபோய், பாஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் படமும் பாட்டும் ஏற்றிக்கொண்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. எது ஓடவில்லை, எந்தச் சொல் புரியவில்லை என்று அவர்களிடம் கேட்டு மேலே எழுதவும் ஆளில்லை. லட்சக்கணக்கான மடிக்கணினிகள் என்றால் லட்சக்கணக்கான சோதனையாளர்கள். தமிழுக்கு அப்படி ஒரு வாய்ப்பு அதற்கு முன் கிடைத்ததில்லை. அதைத் தவறவிட்டோம் என்பதே என் தீர்மானமான கருத்து. கருவியைக் கொடுத்த திட்டத்தோடு, கருத்தைத் திரும்ப வாங்கும் திட்டம் ஒன்றும் இருந்திருக்க வேண்டும்.

இவ்வளவு தூரமாவது தமிழ் வந்திருப்பது தன்னார்வலர்களால். 2000-களின் தொடக்கத்தில் சென்னையில் ‘ழ கணினி’ என்ற பெயரில் ஒரு குழு லினக்ஸ் திரையைத் தமிழாக்கியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைப்பலகையும் ஆப்பிள் கருவிகளோடு சேர்ந்தே வருகின்றன. 2012 ஜனவரி முதல் கணியம் இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. நமக்கு மிக அருகில் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு லினக்ஸ் கற்றுக்கொடுக்கிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019 நவம்பர் 26 வரை நாமும் விழுப்புரம் மாவட்டம்தானே? அவர்கள் செய்வது நமக்கு அந்நியமில்லை.

சரி, ஒரு பீட்டாவைக் கணினியில் ஏற்றியாயிற்று. எதைப் பார்ப்பது? நிறத்தையும் ஐகானையும் பார்க்க உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம் பார்க்காவிட்டால் வேறு யாருமே பார்க்க மாட்டார்கள் என்கிற இடங்கள் சில உண்டு.

முதலில் கொம்பு. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னேயும் கால் பின்னேயும் நிற்கிறது. கணினிக்குள் அது ககரமும், அதன் பின் ஓர் உயிர்க்குறியும்தான். அதை இரண்டாகப் பிரித்து இருபுறமும் நிறுத்துவது இயங்குதளத்தின் எழுத்து வரையும் பகுதியின் வேலை. ‘கொ, கோ, கௌ’ மூன்றையும் எல்லா மெய்யோடும் சேர்த்து அடித்துப் பாருங்கள். கொம்பு பின்னால் போய் நிற்கிறதா, நடுவில் புள்ளி வட்டம் தெரிகிறதா என்று கவனியுங்கள். ஆவணத்தில் மட்டும் பார்த்தால் போதாது. கோப்பின் பெயரில், மெனுவில், அறிவிப்புப் பெட்டியில், அச்சிட்ட தாளில், பூட்டுத் திரையில் என்று ஒவ்வொரு இடத்திலும் பாருங்கள். ஒரே கணினியில் ஓரிடத்தில் சரியாகவும் இன்னோரிடத்தில் பிழையாகவும் தெரிவதுண்டு, ஏனென்றால் எழுத்தை வரைகிற நிரல்கள் வெவ்வேறு.

அடுத்தது தேடல். ஒருங்குறியில் (யூனிகோடில்) ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று கொள்ள வேண்டும் என்பது ஒருங்குறியின் விதி. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் ஒரு விதத்தில் பெயர் வைத்த கோப்பை இன்னொரு விதத்தில் தட்டச்சு செய்து தேடினால் கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் அது பிழை, எழுதி அனுப்ப வேண்டிய பிழை. இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்காக மலையிலிருந்து இறங்கி வந்து நிற்கிறவரிடம், கணினியில் உங்கள் கோப்பு இல்லை என்று சொல்லும் ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் அந்தக் குறியீட்டுக்குள் ஒளிந்திருக்கின்றன.

மூன்றாவது அகர வரிசை. ஆசிரியர்கள் இதை ஒரே நிமிடத்தில் சோதிக்கலாம். கண்ணன், கணபதி, கணேசன், கவிதா, கனகா. நம் அகராதி முறைப்படி இந்தப் பெயர்கள் இதே வரிசையில்தான் வர வேண்டும். புள்ளி வைத்த மெய் முதலில் வரும், னகரம் எல்லா மெய்க்கும் கடைசியில் வரும். கணினி வெறும் குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கினால் கணபதி, கணேசன், கண்ணன், கனகா, கவிதா என்று வரும். கோப்புறையில் ஒரு வரிசை, விரிதாளில் வேறொரு வரிசை என்றால் வருகைப் பதிவேட்டையும் மதிப்பெண் பட்டியலையும் ஒப்பிடுகிற ஆசிரியர் என்ன பாடுபடுவார் என்பது இங்கே உள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விசைப்பலகையையும் விடாதீர்கள். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ் 99 அமைப்பு உள்ளதா, அதை எடுப்பதற்கு எத்தனை மெனு தாண்ட வேண்டும், கடவுச்சொல் கேட்கிற திரையில் விசைப்பலகை தானாகவே தமிழில் நின்று ஆளை வெளியே நிறுத்திவிடுகிறதா, அழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் ‘கோ’ முழுவதும் போகிறதா, கால் மட்டும் போகிறதா. பழைய நிலப்பத்திரங்களில் வரும் மா, காணி, முந்திரி போன்ற குறிகள் 2019 மார்ச்சில் வந்த ஒருங்குறி 12.0-இல் சேர்க்கப்பட்டன, மொத்தம் 51 குறிகள். புதிய பதிப்பின் எழுத்துரு அவற்றைக் காட்டுகிறதா, வெறும் கட்டங்களைக் காட்டுகிறதா என்று பாருங்கள். எளிதில் யாரும் சோதிக்காத மூலை இது.

மொழிக்கு அடுத்தபடி, இடம். இயங்குதளம் செய்கிறவர்களின் மேசையில் மின்சாரம் நிற்பதில்லை, இணையம் அறுவதில்லை, கணினிக்கு வயதாவதில்லை. கல்வராயன் மலையில் இவை மூன்றும் அன்றாடம். மலையில் மாணவர்களோடு உட்கார்ந்து ஒரு சோதனைப் பதிப்பைப் பழைய மடிக்கணினி ஒன்றில் நிறுவியபோது, பாதி வேலையில் அது இணையத்தைக் கேட்டு நின்றுவிட்டது. அந்த ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் மேட்டுக்கு ஏற வேண்டும். இணையம் இல்லாமலே தொடரலாம் என்ற பொத்தான் திரையில் இருந்தது, ஆனால் சிறிய எழுத்தில், ஒரு மூலையில், ஆங்கிலத்தில் மட்டும். உடனிருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “சார், இதப் பெருசாப் போட்டா என்ன?” அந்தக் கேள்வியை அப்படியே பிழை அறிக்கையாக எழுதலாம். அதைவிடச் செறிவான அறிக்கை எனக்கு எழுத வராது.

பேட்டரி செத்துப்போன மடிக்கணினியில் புதுப்பிப்பு நடக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகிறது? மறுபடி போட்டால் பூட் ஆகிறதா, கறுப்புத் திரையில் நிற்கிறதா? இதை வேண்டுமென்றே ஒருமுறை செய்து பாருங்கள். பழைய கணினியின் கதையும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். 2011-இலும் அடுத்த சில ஆண்டுகளிலும் கொடுத்த மடிக்கணினிகளில் அது இல்லை. அவை குப்பைக்குப் போகாமல் ஓட வேண்டுமென்றால் லினக்ஸ்தான் வழி. பழைய கணினியில் புதிய லினக்ஸ் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்ல, அந்தப் பழைய கணினி கையில் இருக்கிற நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்?

பார்த்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10-இன் ஒரு பெரிய புதுப்பிப்பு வெளியானது. நிறுவிய சிலரின் ஆவணங்களும் படங்களும் மொத்தமாக அழிந்துபோயின. சில நாள்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, திருத்தி, நவம்பர் 13-இல்தான் மறுபடி வெளியிட்டது. பிறகு பார்த்தால், கோப்புகள் அழிகின்றன என்று சோதனையாளர்கள் சிலர் மாதங்களுக்கு முன்பே எழுதியிருந்தார்கள். வாக்கு அதிகம் விழுந்த புகார்கள் மேலே வந்தன, இவர்கள் எழுதியது அடியில் கிடந்தது. அதன்பின்தான் பிழை எவ்வளவு கடுமையானது என்று குறிக்கும் வசதியை அந்த நிறுவனம் சேர்த்தது. வாக்கு எண்ணிக்கையால் முடிவாகிற இடத்தில், தமிழில் கணினியை ஓட்டுகிறவர் தனியாக நின்றால் அவர் குரல் எழும்பாது. ஒரு பள்ளியில் ஒருவர் பிழையைக் கண்டால், அதே பிழையை மற்ற ஊர் ஆசிரியர்களும் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, எனக்கும் இப்படித்தான் என்று கீழே எழுத வேண்டும்.

எழுதுவது எப்படி? தமிழ் சரியாகத் தெரியவில்லை என்று ஒரு வரி எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பு, எந்த நாள் இறக்கியது, எந்தச் செயலி, எந்த எழுத்துரு, என்ன தட்டினேன், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது. இவற்றை வரிசையாக எழுதி, திரையைப் படம்பிடித்து இணைத்தால், தமிழே அறியாத ஒரு பொறியாளர் போலந்திலோ பிரேசிலிலோ உட்கார்ந்து அதைத் தன் கணினியில் நிகழ்த்திப் பார்க்க முடியும். எந்த எழுத்து முன்னே, எது பின்னே என்பதை அவருக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்ல வேண்டியிருக்கும். அங்கே மொழியாசிரியர்களின் துணை தேவைப்படும். இலக்கணம் தெரிந்த தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை இது. உபுண்டுவுக்கு லாஞ்ச்பேட், டெபியனுக்கு அதன் பிழைப்பதிவு முறை என்று அனுப்ப வேண்டிய இடங்கள் உள்ளன.

எச்சரிக்கை ஒன்று, இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். சோதனைப் பதிப்பு என்பது புதிதாகக் கட்டிய பாலத்தில் வண்டியை விடும் முன் பாரம் ஏற்றிப் பார்ப்பது மாதிரி. அப்போது பாலத்தின் மேல் குடும்பத்தை நிறுத்தக் கூடாது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையின் ஒரே மடிக்கணினியிலோ, பள்ளியில் மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் கணினியிலோ, இ-சேவை மையத்திலோ பீட்டாவைப் போடாதீர்கள். பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமல் ஓட்டிப் பார்க்க உபுண்டுவில் வழி உண்டு. இல்லாவிட்டால் மூலையில் கிடக்கும் பழைய கணினியை இதற்கென்றே ஒதுக்குங்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் பேக்கப் எடுங்கள். நீங்கள் இறக்கிய கோப்பு முழுமையாக வந்ததா என்பதை அதனோடு தரப்படும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் இதைச் செய்யாமல் விட்டால், இறக்கத்தில் வந்த குறையை இயங்குதளத்தின் குறை என்று எழுதிவிடுவோம். மலையில் உள்ளவர்கள் தனித்தனியாக இறக்கவும் வேண்டாம். கள்ளக்குறிச்சியில் ஒருவர் இறக்கி, பென் டிரைவில் மேலே அனுப்பிவிடலாம்.

இரண்டு கூட்டத்தாருக்கு இரண்டு வேண்டுகோள். ஆசிரியர்களே, பதினோராம் வகுப்புப் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவும் 2018 முதல் இருக்கிறது. அந்தப் பாடத்தை நடத்துகிற வாரத்தில் செய்முறையாக ஒரு பீட்டாவைத் தமிழில் ஓட்டிக் காட்டி, ஒவ்வொரு மாணவரையும் ஒரு பிழையாவது தேடச் சொல்லுங்கள். மாணவர்களே, பிழை கண்டுபிடிக்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பெயரை, உங்கள் ஊர்ப் பெயரை, உங்கள் வீட்டில் பேசுகிற சொற்களைத் தட்டிப் பாருங்கள், அது போதும்.

உபுண்டுவின் பீட்டா வழக்கமாக மார்ச் கடைசியிலும் செப்டம்பரிலும் வருகிறது. அடுத்தது வந்ததும் இதே அரங்கில் கூடுவோம். ஆளுக்கொரு பென் டிரைவும், கிடைத்தால் பழைய மடிக்கணினியும் எடுத்துவாருங்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வசதியாகக் காலையிலேயே தொடங்கிவிடலாம்.